சென்னை – டொராண்டோ: விமானத் தூரத்தையும் பயண நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

சென்னையிலிருந்து டொராண்டோவுக்கு எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் ஆகும் என்று இணையத்தில் தேடினால் தூரம் ஏறக்குறைய ஒரே எண்ணாகத்தான் வரும். நேரம்தான் ஆளுக்கொரு விதமாக வரும். ஒரு தளம் பதினைந்து மணி நேரம் என்னும், இன்னொன்று இருபத்திரண்டு என்னும், டிக்கெட் விற்கும் தளத்தில் முப்பத்தைந்து மணி நேரம்கூடக் காட்டும். பதினைந்து என்று சொல்லும் தளம் செய்வது வெறும் வகுத்தல்: 13,390 கிலோமீட்டரை மணிக்கு 900 கி.மீ. வேகத்தால் வகுத்தால் 14 மணி 53 நிமிடம். அப்படி நேராகப் பறந்து போகும் விமானமே இல்லை என்பது அந்தத் தளத்துக்குத் தெரியாது.

இந்த வழிகாட்டியில் சென்னை மீனம்பாக்கத்தையும் டொராண்டோ பியர்சன் விமான நிலையத்தையும் எடுத்துக்கொண்டு, தூரத்தை நாமே கணக்கிட்டு, அதிலிருந்து நேரத்துக்குப் போகலாம். கணக்கு பத்தாம் வகுப்பு முக்கோணவியல்தான். சயின்டிஃபிக் கால்குலேட்டர் ஒன்று போதும். போனில் இருப்பதைப் படுக்கவாட்டில் திருப்பினாலே பெரும்பாலும் வந்துவிடும். எந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் இதே முறைதான்.

படி 1: இரண்டு புள்ளிகளையும் சரியாகப் பிடியுங்கள்

முதலில் வேண்டியவை அட்சரேகையும் தீர்க்கரேகையும். ஊரின் மையத்தை எடுக்காதீர்கள், விமான நிலையத்தை எடுங்கள். கூகுள் மேப்பில் ஓடுபாதையின் நடுவே விரலை அழுத்திப் பிடித்தால் எண்கள் வந்துவிடும்.

சென்னை: வடக்கு 12.99°, கிழக்கு 80.17°
டொராண்டோ பியர்சன்: வடக்கு 43.68°, மேற்கு 79.63°

இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். மேற்கு தீர்க்கரேகைக்கு மைனஸ் குறி போட வேண்டும், டொராண்டோவுக்கு −79.63. அடுத்து, சில பட்டியல்களில் பாகை (டிகிரி), கலை (மினிட்) என்று பிரித்துக் கொடுத்திருப்பார்கள். 12 பாகை 59 கலை என்றால் 12.59 அல்ல. 59-ஐ 60-ஆல் வகுத்து 12-உடன் கூட்ட வேண்டும், 12.98 வரும். இதைக் கவனிக்காமல் விட்டால் நாற்பது கிலோமீட்டருக்கு மேல் தவறும்.

படி 2: பெருவட்டத் தூரம்

பள்ளிச் சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் சென்னைக்கும் டொராண்டோவுக்கும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால், அது அரபிக்கடல், சவூதி அரேபியா, சகாரா, மொராக்கோ, அட்லாண்டிக் என்று போகும். பார்க்க நேராகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கோட்டின் வழியே உண்மையில் பறந்தால் சுமார் 15,700 கி.மீ. ஆகும்.

உருண்டையான பூமியில் மிகக் குறுகிய வழி பெருவட்டத்தின் மேல் இருக்கிறது. பூமியின் மையம் வழியாகக் கத்தி வைத்து இரண்டு ஊர்களையும் தொடும்படி வெட்டினால் மேற்பரப்பில் விழும் கோடு அது. வீட்டில் குளோப் இருந்தால் ஒரு நூலை எடுத்து இரண்டு ஊர்களுக்கும் நடுவே இறுக்கிப் பிடியுங்கள். நூல் மேற்கு ஐரோப்பா பக்கமே போகாமல் வடக்கே ஏறிவிடும்.

நூலை விட்டுவிட்டு எண்ணுக்கு வரலாம். சூத்திரத்தைச் சொற்களில் சொன்னால் இப்படி:

இரண்டு அட்சரேகைகளின் சைன்களையும் பெருக்குங்கள். தனியாக, இரண்டு அட்சரேகைகளின் காஸ்களையும் பெருக்கி, அதைத் தீர்க்கரேகை வித்தியாசத்தின் காஸால் பெருக்குங்கள். இரண்டு விடைகளையும் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகைக்கு காஸ் இன்வர்ஸ் எடுத்தால், பூமியின் மையத்தில் இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள கோணம் கிடைக்கும்.

கால்குலேட்டர் டிகிரி முறையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். ரேடியனில் இருந்தால் விடை சம்பந்தமே இல்லாமல் வரும்.

தீர்க்கரேகை வித்தியாசம்: 80.17 − (−79.63) = 159.80°

சைன் 12.99 × சைன் 43.68 = 0.2248 × 0.6906 = 0.1552
காஸ் 12.99 × காஸ் 43.68 = 0.9744 × 0.7232 = 0.7047
காஸ் 159.80 = −0.9385
0.7047 × (−0.9385) = −0.6614
கூட்டுத்தொகை: 0.1552 − 0.6614 = −0.5062
காஸ் இன்வர்ஸ் (−0.5062) = 120.41°

பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. அதன்படி பெருவட்டத்தில் ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. எனவே 120.41 × 111.2 = ஏறக்குறைய 13,390 கி.மீ. முழுச் சுற்று 360 பாகை என்பதை நினைத்துப் பாருங்கள். பூமியின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறோம்.

விமானிகள் கிலோமீட்டரில் பேசுவதில்லை, கடல் மைலில் பேசுவார்கள். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. ஒரு பாகையில் அறுபது கடல் மைல் என்று வைத்துக்கொண்டால் 120.41 × 60 = 7,225 கடல் மைல். இதைக் கிலோமீட்டராக மாற்றினால் பத்து கி.மீ. குறைவாக வரும், பதற வேண்டாம். பூமி சுத்தமான உருண்டை இல்லை. நிலநடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ. உருண்டை என்று வைத்துப் போடும் கணக்கு, எங்கிருந்து எங்கே போனாலும், சுமார் அரை சதவீதத்துக்குள் பிசகும். பயணிக்கு அது போதும்.

கணக்கு போட மனமில்லை என்றால் கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற தளத்தில் இரண்டு விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீடுகளைக் கொடுத்தால் வரைபடத்தோடு வந்துவிடும். சென்னைக்கு எம்ஏஏ, பியர்சனுக்கு ஒய்ஒய்இசட். கூகுள் எர்த்தில் இருக்கும் அளவுகோலும் பெருவட்டத்தையே அளக்கிறது. ஆனாலும் ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துவிட்டால், தளங்கள் சொல்லும் எண்களில் எதை நம்பலாம் என்று பிடிபட்டுவிடும்.

படி 3: அந்தக் கோடு எங்கெல்லாம் போகிறது என்று பாருங்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் மொத்தக் கணக்கிலும் சுவாரசியமான இடம்.

சென்னையிலிருந்து கிளம்பும் பெருவட்டம் நேர் வடக்கிலிருந்து மேற்கே 17 பாகை மட்டும் சாய்ந்து போகிறது. டொராண்டோ மேற்கே இருக்கும் ஊர் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, கோடு டெல்லிக்குக் கொஞ்சம் மேற்கே போகிறது, பிறகு பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், தஜிகிஸ்தான், கஜகஸ்தான், ரஷ்யாவின் உரால் மலைத்தொடரின் தென்பகுதி, கோலா தீபகற்பம். அங்கிருந்து நார்வேயின் வட நுனியான நார்த் கேப்புக்குப் பக்கத்தில் கடலுக்குள் இறங்கி, கிரீன்லாந்துக்கும் நார்வேக்கும் நடுவே 73.6° வடக்கு வரை ஏறுகிறது. அதுதான் உச்சி. பிறகு கிரீன்லாந்தைக் குறுக்கே வெட்டி, கியூபெக் மாகாணத்தின் வடபகுதி வழியாக டொராண்டோவுக்கு இறங்குகிறது.

இந்தப் பட்டியலைப் படித்ததுமே ஒரு விஷயம் உறைக்க வேண்டும். இதில் பாதி நாடுகளின் வானம் எல்லோருக்கும் எப்போதும் திறந்திருப்பதில்லை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியபின் ஐரோப்பிய நாடுகளும் கனடாவும் ரஷ்ய விமானங்களுக்குத் தங்கள் வானத்தை மூடின, பதிலுக்கு ரஷ்யா அவர்களுடைய விமானங்களுக்கு மூடியது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமான நிறுவனங்களுக்குத் தன் வானத்தை மூடியது; 2019-லும் சில மாதங்கள் இப்படி நடந்திருக்கிறது. 2025 ஜூனில் இஸ்ரேல் – ஈரான் மோதலின்போது ஈரான், ஈராக் வான்வெளிகள் மூடப்பட்டன.

இப்படி ஒரு கதவு சாத்தப்பட்டால் விமானம் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். டெல்லியிலிருந்து வடமேற்கே கிளம்ப வேண்டிய இந்திய விமானம், பாகிஸ்தான் மூடிய நாட்களில், முதலில் தென்மேற்கே இறங்கி அரபிக்கடலைத் தொட்டுவிட்டுத்தான் ஐரோப்பா பக்கம் திரும்ப முடியும். 2025-ல் அப்படி நீண்டுபோன வட அமெரிக்கப் பயணங்கள் சில, எரிபொருளுக்காக ஐரோப்பாவில் இறங்கிப் போயின. பெருவட்டத் தூரம் ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை. நேரம் மட்டும் கூடிவிட்டது.

எந்தத் தடையும் இல்லாத நாளிலும் விமானம் பெருவட்டத்தை அப்படியே ஒட்டிப் பறப்பதில்லை. வான்வழிப் பாதைகள் உண்டு, புறப்படும்போதும் இறங்கும்போதும் சுற்ற வேண்டும், புயல் மேகத்தைத் தவிர்க்க வேண்டும். இதற்காக நான் பெருவட்டத் தூரத்தோடு 3 சதவீதம் கூட்டிக்கொள்வேன். நெருக்கடியான வானத்தின் வழியே போகும் பாதை என்றால் 5 சதவீதம். இது அனுபவக் கணக்குதான், சட்டம் இல்லை.

நேற்று அந்த விமானம் உண்மையில் எந்த வழியாகப் போனது என்று தெரிந்துகொள்ள ஃபிளைட்ரேடார்24 மாதிரியான தளங்கள் இருக்கின்றன. விமான எண்ணைக் கொடுத்தால் கடந்த சில நாட்களின் பாதையும், தரையைவிட்டு எழுந்த நேரமும் இறங்கிய நேரமும் கிடைக்கும். டிக்கெட் எடுக்கும் முன் ஒரு வாரத்துப் பதிவைப் பார்த்துவிடுவது நல்லது.

படி 4: நேரான விமானம் ஏன் இல்லை?

13,390 கி.மீ. என்பது இன்றைய விமானங்களால் பறக்க முடியாத தூரமில்லை. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு 15,300 கிலோமீட்டருக்கு மேல். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அதை ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் என்ற நெடுந்தூர வகையில் இடையில் எங்கும் இறங்காமல் பறக்கிறது. பதினெட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. ஆனால் அது அதற்கென்றே வடிவமைத்த விமானம், இருக்கைகளும் குறைவு. வழக்கமான போயிங் 787-9 விமானத்துக்கு நிறுவனம் சொல்லும் எல்லை சுமார் 14,000 கி.மீ. எதிர்க்காற்று, சுற்றுப்பாதை, கையிருப்பு எரிபொருள் எல்லாம் சேர்த்தால் சென்னை – டொராண்டோ அந்த எல்லையை முட்டும். முழுச் சுமையோடு தினமும் ஓட்டிக் காசு பார்க்க வேண்டும் என்றால் அது வேறு கணக்கு. எனவே நமக்குக் கிடைப்பது ஒரு இடத்தில் இறங்கி ஏறும் பயணம்தான்.

இங்கே சொல்ல வேண்டிய ஒன்று: டிக்கெட் தளங்களில் 'டைரக்ட்' என்பதும் 'நான்ஸ்டாப்' என்பதும் ஒன்றல்ல. டைரக்ட் என்றால் விமான எண் மாறாது என்று மட்டுமே பொருள். நடுவில் எங்காவது இறங்கி நிற்கலாம்.

படி 5: இடையில் இறங்கும் ஊரால் தூரம் எவ்வளவு கூடுகிறது?

படி 2-ல் செய்த கணக்கையே இரண்டு தடவை போட வேண்டும்: சென்னையிலிருந்து இடைநிலை ஊர், அங்கிருந்து டொராண்டோ. நான் போட்ட கணக்குகள் கீழே.

டெல்லி வழி: 1,760 + 11,640 = 13,400 கி.மீ.
ஃபிராங்க்ஃபர்ட் வழி: 7,595 + 6,345 = 13,940 கி.மீ.
லண்டன் ஹீத்ரோ வழி: 8,235 + 5,710 = 13,945 கி.மீ.
துபாய் வழி: 2,935 + 11,080 = 14,015 கி.மீ.
தோஹா வழி: 3,285 + 10,880 = 14,165 கி.மீ.
ஹாங்காங் வழி: 3,715 + 12,550 = 16,265 கி.மீ.

டெல்லி வழியைப் பாருங்கள். நேர்க்கோட்டைவிடப் பத்து கிலோமீட்டர்தான் அதிகம். பெருவட்டம் டெல்லிக்குப் பக்கத்திலேயே போகிறது என்று படி 3-ல் பார்த்ததுதான் இதற்குக் காரணம். தொலைவு மட்டுமே கணக்கு என்றால் டெல்லியை அடித்துக்கொள்ள ஆள் இல்லை.

ஆனால் மற்றவற்றையும் பாருங்கள். ஃபிராங்க்ஃபர்ட், லண்டன், துபாய் மூன்றும் 550-லிருந்து 625 கி.மீ. வரைதான் அதிகம். வானத்தில் அது முக்கால் மணி நேரம்கூட இல்லை. ஹாங்காங்கைத் தவிர்த்தால், எந்த ஊர் வழியாகப் போகிறோம் என்பதால் தூரத்தில் பெரிய வேறுபாடு வருவதில்லை. அதனால்தான் "எது குறைந்த தூரம்?" என்று தேடி டிக்கெட் எடுப்பவர்களிடம், அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிடுங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. உங்கள் நேரத்தைத் தின்பது தூரம் இல்லை, காத்திருப்புதான். அது படி 7-ல் வருகிறது.

படி 6: வானத்தில் எத்தனை மணி நேரம்?

நெடுந்தூர ஜெட் விமானங்கள் ஒலியின் வேகத்தில் சுமார் 85 சதவீதத்தில் பறக்கின்றன. பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் குளிர் மைனஸ் 56 டிகிரி. அங்கே ஒலியின் வேகம் மணிக்கு சுமார் 1,060 கி.மீ. அதில் 85 சதவீதம் 900 கி.மீ. இது காற்றுக்குள் விமானம் நகரும் வேகம். அந்தக் காற்றே நகர்ந்துகொண்டிருந்தால் தரையிலிருந்து பார்க்கும் வேகம் மாறும்.

நடுத்தர அட்சரேகைகளில், விமானம் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஜெட் காற்றோட்டம் ஓடுகிறது. 150, 200 கி.மீ. வேகம் சாதாரணம், குளிர்காலத்தில் இன்னும் கூடும். இதை 1920-களில் முதலில் அளந்து எழுதியவர் வாசாபுரோ ஓயிஷி என்ற ஜப்பானிய வானிலையாளர். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று அவர் தன் அறிக்கையை எஸ்பெராண்டோ என்ற, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட செயற்கை மொழியில் வெளியிட்டார். பாவம், அதனாலேயே வெளிநாட்டில் அநேகமாக யாரும் படிக்கவில்லை. 2020 பிப்ரவரியில், சியாரா புயலின்போது, இந்தக் காற்று பின்னால் தள்ள, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. தரை வேகம் 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. வழக்கமாக அந்தப் பயணத்துக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

சென்னையிலிருந்து டொராண்டோவுக்குப் போகும்போது காற்று எதிரே, திரும்பும்போது பின்னே. ஆனால் முழுப் பாதையிலும் ஜெட் காற்றோட்டம் நேராக முகத்தில் அடிப்பதில்லை; விமான நிறுவனங்களும் அதைத் தவிர்க்கும் பாதையைத் தேடும். சராசரியாக மணிக்கு 40 கி.மீ. என்று வைத்துக்கொண்டால் கணக்கு உண்மைக்குப் பக்கத்தில் வருகிறது. வட அட்லாண்டிக் மட்டும் கொஞ்சம் கடுமை, அங்கே 60 வைக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. டிக்கெட்டில் இருக்கும் நேரம் பறக்கும் நேரம் அல்ல. வாசலிலிருந்து விமானம் நகர ஆரம்பித்ததிலிருந்து அடுத்த ஊரில் வாசலில் நிற்கும்வரை உள்ள நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, மெதுவாக மேலேறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடங்கும். இதற்கு ஒரு விமானத்துக்கு 40 நிமிடம் கூட்டுங்கள்.

ஆக, சூத்திரம்: பெருவட்டத் தூரத்தோடு 3 சதவீதம் கூட்டி, காற்றைக் கழித்த அல்லது கூட்டிய வேகத்தால் வகுத்து, 40 நிமிடம் சேர்க்க வேண்டும்.

துபாய் – டொராண்டோவில் போட்டுப் பார்க்கலாம். 11,080 × 1.03 = 11,412 கி.மீ. வேகம் 900 − 40 = 860. வகுத்தால் 13 மணி 16 நிமிடம். 40 நிமிடம் கூட்டினால் 13 மணி 56 நிமிடம். விமான நிறுவன அட்டவணையில் ஏறக்குறைய பதினான்கு மணி நேரம் என்றுதான் இருக்கிறது. திரும்பும்போது வேகம் 940: 12 மணி 8 நிமிடத்தோடு 40 நிமிடம், 12 மணி 48 நிமிடம். ஒரே விமானம், ஒரே தூரம், ஆனால் போக வர ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம்.

போகும்போது இழந்ததைத் திரும்பும்போது காற்று முழுதாகத் திருப்பித் தருவதும் இல்லை. 10,000 கி.மீ. தூரத்தை எதிர்க்காற்றில் 800 வேகத்தில் போய், 1,000 வேகத்தில் திரும்பினால் மொத்தம் 22 மணி 30 நிமிடம். காற்றே இல்லாமல் இரண்டு பக்கமும் 900 என்றால் 22 மணி 13 நிமிடம். காற்று எப்போதும் கொஞ்சம் கமிஷன் எடுத்துக்கொள்ளும்.

இதே முறையில் மற்ற பகுதிகள்: சென்னை – துபாய் 4 மணி 10 நிமிடம், சென்னை – டெல்லி 2 மணி 50 நிமிடம், சென்னை – லண்டன் (இங்கே 5 சதவீதம் கூட்டியிருக்கிறேன்) 10 மணி 45 நிமிடம், லண்டன் – டொராண்டோ 7 மணி 40 நிமிடம். டெல்லி – டொராண்டோவுக்கு 14 மணி 35 நிமிடம் வரும், ஆனால் இது பாகிஸ்தான் வானம் திறந்திருந்தால் மட்டும். மூடியிருந்தால் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். அன்றைய அட்டவணையைப் பாருங்கள்.

இருக்கையில் உட்கார்ந்திருக்கும் மொத்த நேரம்: டெல்லி வழி பதினேழரை மணி, துபாய் வழி பதினெட்டு, லண்டன் வழி பதினெட்டரை. வித்தியாசம் ஒரு மணி நேரம்.

படி 7: டிரான்சிட், நேரம் போகும் இடம்

பறக்கும் நேரத்தில் ஒரு மணி நேரம்தான் முன்பின். டிரான்சிட்டிலோ ஒன்றரை மணி முதல் இருபது மணி வரை எதுவும் இருக்கலாம். எனவே டிக்கெட் தேடும்போது விலைக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது இதைத்தான்.

என் கணக்கில் இரண்டரை முதல் நான்கு மணி நேரம் சரியான அளவு. ஒரு மணி நேரம், ஒன்றேகால் மணி நேரம் என்று கொடுக்கும் டிக்கெட்டுகள் விதிப்படி சரிதான். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் குறைந்தபட்ச மாற்று நேரம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதற்குக் குறையாமல் இருந்தால் விற்பார்கள். முதல் விமானம் நாற்பது நிமிடம் தாமதமானால் ஓட வேண்டியது நீங்கள்தான். வயதான அம்மா அப்பாவைத் தனியாக அனுப்புகிறீர்கள் என்றால் மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக எடுக்கவே எடுக்காதீர்கள். வீல்சேர் கேட்டு வைத்தால் நடக்கும் சிரமம் மட்டுமல்ல, வழி கேட்கும் சிரமமும் குறையும்.

இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். தனித்தனியாக எடுத்தால் மலிவாகத் தெரியும். ஆனால் முதலாவது தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்களைப் பற்றிக் கவலை இல்லை. பெட்டியையும் நடுவில் எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும், அதற்கு அந்த நாட்டு விசாவும் தேவைப்படலாம்.

டெல்லி வழியில் இன்னொரு வேலை சேர்கிறது. உள்நாட்டு விமானத்தில் வந்து இறங்கி, அங்கே குடியகல்வுச் சோதனை முடித்து, சர்வதேச விமானத்தில் ஏற வேண்டிவரும். நான் டெல்லிக்கு மட்டும் மூன்றரை மணி நேரம் வைப்பேன். ஐரோப்பிய ஊர் வழியாகப் போனால் டிரான்சிட் விசா வேண்டுமா என்று அந்த நாட்டுத் தூதரகத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். விதிகள் அடிக்கடி மாறுகின்றன, கனடா விசா வைத்திருப்பவர்களுக்குச் சலுகையும் உண்டு. அமெரிக்க நகரம் வழியாகப் போகும் டிக்கெட் என்றால் வெறுமனே விமானம் மாறுவதற்கும் அமெரிக்கக் குடிவரவைத் தாண்டியாக வேண்டும். அமெரிக்க விசா கையில் இல்லாத இந்தியப் பாஸ்போர்ட்காரர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

படி 8: கடிகாரக் கணக்கு

டிக்கெட்டில் இருக்கும் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அந்தந்த ஊர் நேரம். இரண்டையும் கழித்துப் பயண நேரம் என்று சொல்லிவிட முடியாது.

இந்திய நேரம் கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி முன்னே. டொராண்டோ குளிர்காலத்தில் ஐந்து மணி பின்னே, கோடையில் நான்கு மணி பின்னே. ஆக நமக்கும் டொராண்டோவுக்கும் வித்தியாசம் குளிர்காலத்தில் பத்தரை மணி, கோடையில் ஒன்பதரை மணி. அங்கே மார்ச் மாத இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள்.

லண்டன் வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு கூடுதல் சிக்கல். பிரிட்டனில் இதே மாற்றம் மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் நடக்கிறது. நடுவில் வரும் அந்தச் சில வாரங்களில் லண்டன் – டொராண்டோ வித்தியாசம் ஐந்து மணிக்குப் பதில் நான்கு மணி ஆகிவிடும். துபாய்க்கு இந்தத் தொல்லை இல்லை, ஆண்டு முழுதும் ஒரே நேரம்.

ஒரு கற்பனைப் பயணத்தில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். சென்னையில் இரவு 9.50-க்குப் புறப்படுகிறீர்கள். துபாய்க்கு 4 மணி 10 நிமிடம், அங்கே காத்திருப்பு 3 மணி, டொராண்டோவுக்கு 13 மணி 55 நிமிடம். மொத்தம் 21 மணி 5 நிமிடம். கோடைக்காலம் என்றால், நீங்கள் கிளம்பும்போது டொராண்டோவில் அதே நாள் பகல் 12.20. அதோடு 21 மணி 5 நிமிடம் கூட்டினால் மறுநாள் காலை 9.25. குளிர்காலத்தில் அதே பயணம் காலை 8.25-க்குப் போய்ச் சேரும்.

டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு பின்னோக்கியும் போடலாம். இரவு 9.50 முதல் மறுநாள் காலை 9.25 வரை, பார்வைக்கு 11 மணி 35 நிமிடம். அதோடு ஒன்பதரை மணி கூட்டினால் 21 மணி 5 நிமிடம், அதுதான் உண்மையான பயணம். திரும்பி வரும்போது கூட்டாமல் கழிக்க வேண்டும். டொராண்டோவில் திங்கள் மதியம் 2 மணிக்குக் கிளம்பிச் சென்னையில் செவ்வாய் இரவு 7.15-க்கு இறங்கினால், பார்வைக்கு 29 மணி 15 நிமிடம். ஒன்பதரையைக் கழித்தால் 19 மணி 45 நிமிடம்.

சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் சின்னதாக +1 என்று இருந்தால் மறுநாள், +2 என்றால் அதற்கடுத்த நாள். அழைத்துப் போக வருகிறவரிடம் தேதியைச் சொல்லும்போது இதைப் பார்த்துச் சொல்லுங்கள். நள்ளிரவு தாண்டி 12.30, 1.15 என்று புறப்படும் விமானங்களில் தேதிக் குழப்பம் அதிகம். 10-ஆம் தேதி அதிகாலை 1.15 விமானத்துக்கு 9-ஆம் தேதி இரவே மீனம்பாக்கத்தில் இருக்க வேண்டும்.

படி 9: வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசலுக்கு

மேலே போட்டதெல்லாம் விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு. சர்வதேசப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போக வேண்டும். தாம்பரத்திலிருந்து வருகிறவருக்குச் சாலையில் அதிக நேரம் போகாது. திருச்சியிலிருந்து காரில் வருகிறவருக்கு ஐந்து ஆறு மணி நேரம் தனியாகப் போகும்.

அந்தப் பக்கம் பியர்சனில் குடிவரவு, பெட்டி, சுங்கம் என்று ஒன்றரை மணி நேரம் வையுங்கள். முதல்முறை ஸ்டடி பெர்மிட், வொர்க் பெர்மிட் வாங்கும் மாணவர்களுக்கும் வேலைக்குப் போகிறவர்களுக்கும் இன்னும் ஒரு வரிசை உண்டு. அதற்குக் கூட ஒரு மணி நேரம். விமான நிலையம் இருப்பது நகருக்கு மேற்கே மிசிசாகாவில். தமிழர்கள் அதிகம் வாழும் ஸ்கார்பரோவும் மார்க்கமும் நகருக்குக் கிழக்கிலும் வடகிழக்கிலும். நடுவே இருக்கும் 401 நெடுஞ்சாலை வட அமெரிக்காவின் மிக நெரிசலான சாலைகளில் ஒன்று. காலை 9.25-க்கு இறங்கினால் பகல் பன்னிரண்டுக்கு முன்னால் ஸ்கார்பரோ வீட்டில் சாப்பாட்டை எதிர்பார்க்க வேண்டாம்.

எனவே நம் உதாரணப் பயணம்: 3 மணி + 21 மணி 5 நிமிடம் + 1 மணி 30 நிமிடம் + இரண்டு பக்கச் சாலை நேரம் இரண்டு மணி. ஏறக்குறைய இருபத்தேழரை மணி நேரம். தேடலில் வந்த அந்தப் பதினைந்து மணி நேரத்தை வைத்து மாத்திரை, குழந்தைக்குப் பால் பவுடர், மாற்றுத் துணி என்று திட்டமிட்டால் நடுவழியில் தீர்ந்துவிடும்.

கொழும்பிலிருந்து போகிறவர்களுக்கு

டொராண்டோவுக்கும் இலங்கைக்கும் நடுவே போக்குவரத்து ஏராளம் என்பதால் அந்தக் கணக்கையும் போட்டுவிடலாம். கட்டுநாயக்க விமான நிலையம் வடக்கு 7.18°, கிழக்கு 79.88°. தீர்க்கரேகை வித்தியாசம் 159.51°, மையக் கோணம் 125.86°, தூரம் 13,995 கி.மீ. சென்னையைவிட 600 கி.மீ. அதிகம்; கொழும்பு நேர் தெற்கே இருப்பதால் இந்த 600-ம் அப்படியே கூடுகிறது. துபாய் வழியாகப் போனால் 3,290 + 11,080 = 14,370 கி.மீ., நேர்க்கோட்டைவிட 375 மட்டுமே அதிகம். லண்டன் வழி என்றால் தூரம் 14,425. இலங்கை நேரமும் இந்திய நேரமும் ஒன்றே என்பதால் படி 8-ல் போட்ட கடிகாரக் கணக்கு அப்படியே பொருந்தும். துபாய் வரையிலான முதல் பகுதிக்கு மட்டும் இருபத்தைந்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.